கமலைத் தோலும் அடுப்படிக் குழாயும்

தேனியில் எங்கள் தெருவிலேயே அடுப்படிக்குள் குழாய் வைத்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், "அந்தக் காலத்திலேயா, பரவாயில்லையே" என்கிறார்கள். பரவாயில்லையா இல்லையா என்பதை அந்தக் குழாய்க்குத் தண்ணீர் சுமந்தவளைத்தான் கேட்க வேண்டும். சுமந்தவள் நான்.

ஊருக்கே குழாய்த் தண்ணீர் வந்திராத காலம் அது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் குழாய் எப்படி வந்தது என்றால், என் மாமனாரின் ஆசையால் வந்தது. அவர் மலைத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் கங்காணி. மாதத்துக்கு இரண்டு தடவை போடி மெட்டு வழியாக மலை ஏறுவார். அங்கே ஒரு துரையின் பங்களாவில் சமையல்காரன் நின்ற இடத்தை விட்டு நகராமல் குழாயைத் திருகித் தண்ணீர் பிடித்ததைப் பார்த்துவிட்டார். பங்களாவுக்கு மேலே ஊற்று இருந்தது, தண்ணீர் தானாக இறங்கி வந்தது என்கிற பாதி அவர் கண்ணில் படவில்லை. குழாய் மட்டும்தான் பட்டது. துரை சமையல்கட்டை இடித்துக் கட்டியபோது கழித்துப் போட்ட பித்தளைக் குழாயையும் நாலைந்து இரும்புப் பைப்புகளையும் கீழே கொண்டுவந்து இறக்கினார்.

எங்கள் வீட்டுக்கு மேலே ஊற்றா இருக்கிறது? மொட்டை மாடிதான் இருந்தது. அதில் செங்கல் வைத்து ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டியின் அடியிலிருந்து பைப்பு சுவர் வழியாக இறங்கி அடுப்படிக்குள் நுழைந்தது. பைப்பின் முனையில் குழாய். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருந்த பக்கத்து ஊரிலிருந்து ஒரு பிட்டர் வந்து பொருத்திவிட்டுப் போனார். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. தொட்டியில் தண்ணீர் வேண்டும்.

அதுவரை எனக்கு வேலை சுலபம். கிணற்றடியிலிருந்து அடுப்படிக்குப் பதினெட்டு எட்டு தூரம். இறைத்த குடத்தை இடுப்பில் வைத்தால் அடுப்படியில் இறக்கிவிடலாம். குழாய் வந்த பிறகு அதே குடத்தைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி மாடிக்குப் போய்த் தொட்டியில் ஊற்றவேண்டும். அந்தத் தண்ணீர் பைப்பு வழியாகக் கீழே இறங்கி அடுப்படிக்கு வரும். தொட்டி நிறைய நாற்பது குடம். தெருப் பெண்கள் என்னிடம், "உனக்கென்ன, திருகுனா வருது" என்றார்கள். நான் சிரித்து வைப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது? எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. அந்த வீட்டில் வாயைத் திறக்காமல் இருக்க அது ஒன்றே போதும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அவர்களை அடுப்படி வாசல் வரை கூட்டிவருவார். மலையில் பழகிய மலையாளப் பேச்சு நாக்கில் ஒட்டியிருந்ததால் தண்ணீரை வெள்ளம் என்பார். "வெள்ளம் எப்படி வருது பாத்தீகளா?" என்று திருகிக் காட்டுவார். பிறகு இறுக்கி மூடுவார். வந்தவரும் ஒரு தடவை திறந்து, தன் பலத்தையெல்லாம் காட்டி மூடுவார். அந்தக் குழாயை ஆண்கள் யாரும் சாதாரணமாக மூடிப் பார்த்ததில்லை. ஏதோ காளையை அடக்குகிற மாதிரி மூடினார்கள். அப்படி இரண்டு வருஷம் மூடியதில் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் சொட்டு. பிறகு நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. மாமனார் இன்னும் இறுக்கினார். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடியது. மாமியார் ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து, அடிபட்ட விரலுக்குக் கட்டுவது போலக் குழாயின் மூக்கைச் சுற்றிக் கட்டினார். துணி வழியாகத் தண்ணீர் வடிந்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள் அரக்கை உருக்கிக்கொண்டு வந்து வெளியே பூசினார். அரக்கு பூசிய குழாயைத் திருக முடியவில்லை, ஆனால் ஒழுகியது. மூன்று பேருக்கும் நோய் உள்ளே இருக்கும் என்று தோன்றவில்லை. வெளியேதான் வைத்தியம் செய்தார்கள். நான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று நாளைக்கு வரவேண்டிய தொட்டித் தண்ணீர் ஒன்றரை நாளில் தீர்ந்தது. கீழே பாத்திரம் வைத்து ஒழுகுவதைப் பிடிக்கலாமே என்றேன். தானாக ஒழுகின தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது, மாட்டுக்கு ஊற்று என்றார் மாமியார். நான் மாடிக்குச் சுமந்த தண்ணீரை நானே மாட்டுக்குச் சுமந்தேன். பிட்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் மலையில் ஏதோ தோட்டத்து வேலையில் இருந்தார், இறங்க நாளாகும் என்று பதில் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் சந்தை நாளில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். என் பிறந்த ஊர் சின்னமனூர். அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அய்யா மட்டும்தான், அவருக்கு நான் ஒரே பிள்ளை. என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தம்பி வீட்டில், அதாவது சித்தப்பா வீட்டில் இருந்தார். சந்தைக்கு வெற்றிலை கொண்டுவந்த அந்த ஊர்க்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆத்தா, ஒங்க அய்யாவுக்கு ரொம்ப முடியல. கஞ்சி எறங்கி நாலு நாளாச்சு. மக கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டாப் போதும்னு சொல்லிக்கிட்டே இருக்காக. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

அய்யா கேட்டது அதுதான். ஒரு வாய்த் தண்ணீர். சொத்து கேட்கவில்லை, பேரப்பிள்ளை கேட்கவில்லை.

நான் மாமியாரிடம் போய் நின்றேன். அவர் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போய்விடும். அப்படி இல்லை. என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, சோறு போடாமல் வைத்ததில்லை. அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும், அவ்வளவுதான். முறை எது என்பதை அவர்தான் சொல்லுவார்.

"பெத்த தகப்பன், போகாம இருக்க முடியுமா? போயிட்டு வா" என்றார். "ஆனா இந்தக் கொழாவ நெனச்சுப் பாரு. தொட்டி ஒன்றரை நாளைக்குக்கூட நிக்கல. எனக்கு முட்டி வலி, நான் மாடி ஏற முடியுமா? ஒழுக்கு நிக்கட்டும். தொட்டிய நெறச்சு வச்சுட்டு மூணு நாளு போயிட்டு வா."

மாட்டுக்கொட்டத்தில் ஒரு வேலைக்காரி இருந்தாள். என்னை விடப் பலசாலி. ஆனால் அவள் எங்கள் குடத்தைத் தொடக்கூடாது. மாமனாரும் என் வீட்டுக்காரரும் இருந்தார்கள். ஆண்கள் குடம் தூக்குவதா? ஆக, என் அய்யாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது பதினைந்து மைல் ரோடு இல்லை. அந்த ஒழுக்குதான்.

பிட்டர் வரும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. நானே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் தொட்டியை நிரப்பவில்லை. பைப்பை நடுவில் அடைக்க வழி கிடையாது, தொட்டி காய்ந்தால்தான் குழாயைக் கழற்ற முடியும். மத்தியானச் சாப்பாட்டோடு தொட்டி வற்றியது. மாமியார் கூடத்தில் படுத்தார். ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். மாட்டுக்கொட்டத்தில் லாடம் அடிக்கிற குறடு ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து, குழாய்த் தலையில் இருந்த மரையில் துணியைச் சுற்றி, குறடால் பிடித்துத் திருகினேன். என் வீட்டுக்காரர் பூசிய அரக்கைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அது போன பிறகு மரை விட்டுக்கொடுத்தது.

தலை கழன்று வந்தது. அதன் அடியில் தம்படிக் காசு அளவுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டில் வட்டமாக ஒரு துண்டு, கறுத்துப்போய், நடுவில் பள்ளம் விழுந்து, ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது. தோல்.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் கமலை அடியில் வளர்ந்தவள். மாடுகள் பள்ளத்தில் இறங்கினால் கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் மேலே வரும். சாலின் அடியில் நீளமாக ஒரு தோல் வால் தொங்கும். அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலுக்குக் கொட்டும். காய்ந்து வெடிக்காமல் இருக்க அதற்கு எண்ணெய் போட்டு வைப்பார்கள். தண்ணீரில் ஊறின தோலின் வழவழப்பு எனக்கு என் கையைப் போலப் பழக்கம்.

மாமியார் வீட்டில் தோல் வாசல்படி தாண்டக்கூடாது. அவர்கள் குடும்பம் தீட்சை வாங்கிச் சைவமானது. செருப்பைத் தெருவிலேயே விடவேண்டும். மேளக்காரர்கூட முற்றத்தோடு நிற்கவேண்டும். மாமனாரின் இடுப்பில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை நிறத் தோல் பெல்ட் இருந்தது. சாப்பிடும்போதும் அதை அவர் கழற்றியதில்லை. அதைத் தோல் என்று யாரும் சொன்னதில்லை, பெல்ட் என்றார்கள். அந்த வீட்டின் அடுப்படித் தண்ணீர் இரண்டு வருஷமாகத் தோலை நனைத்துக்கொண்டுதான் பாத்திரத்தில் விழுந்திருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் மனதாரச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

தோலுக்குப் பதில் வேறு என்ன வைப்பது? யுத்த காலம். போடி ரயில் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், ரப்பர் எங்கே கிடைக்கும்? துணியை மடித்து வைத்துப் பார்த்தேன், நசுங்கியது. தோல் இருந்த இடத்தில் தோல்தான் நிற்கும். மாட்டுக்கொட்டத்துப் பரணில் எங்கள் தோட்டத்துக் கமலையின் பழைய வால் ஒன்று சுருட்டிக் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் அறுத்துக்கொண்டேன். பழைய துண்டை மேலே வைத்து, அரிவாள்மணையின் நுனியால் வட்டமாக வெட்டி, நடுவில் ஊசியைச் சூடாக்கி ஓட்டை போட்டேன். தட்டில் பொருத்தி, தலையைப் போட்டு, மரையைத் திருகினேன். பழைய துண்டை எறிய மனம் வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு குடத்தை எடுத்தேன். மாமியார் எழுந்தபோது நான் பன்னிரண்டாவது குடத்தோடு படி ஏறிக்கொண்டிருந்தேன். விளக்கு வைப்பதற்குள் நாற்பது குடம் ஊற்றிவிட்டேன். குழாயடியில் போய் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"ஒழுக்கு நின்னுருச்சு அத்தே" என்றேன்.

"எப்படி நின்னுச்சு?"

"கழத்தி மாட்டுனேன்."

"நீயா?" என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, காலையில பஸ்ஸுக்குப் போ" என்றார். எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எண்ணெய் போட்டுப் பதமாக்கிய தோலை அப்படியே வைத்துவிட்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவசரத்தில் தோன்றவில்லை.

காலையில் நான் தலை முடிந்துகொண்டிருந்தேன். மாற்றுச் சேலையை ஒரு துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தேன். மாமியார் பூஜைக்குத் தண்ணீர் பிடிக்கச் செம்பைக் குழாயடியில் வைத்தார். தண்ணீர் மேலே எண்ணெய் மினுமினுப்பு ஓடியது. செம்பை மூக்கருகில் கொண்டுபோனார்.

"ஏத்தா, இங்கன வா. இதுல என்ன நாத்தம்?"

பொய் சொல்லியிருக்கலாம். மரை சுழல எண்ணெய் விட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு திமிர் இருந்தது, இரண்டு வருஷம் மாடி ஏறின திமிர். அதோடு என்னிடம் ஆதாரம் வேறு இருந்ததே.

"தோலுதான் அத்தே. கமலை வால்ல இருந்து வெட்டி வச்சேன். முன்னாடி உள்ள இருந்ததும் தோலுதான். இந்தாங்க, பாருங்க" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

செம்பு அவர் கையிலிருந்து விழுந்தது. "அடிப்பாவி, சாமிக்கு வைக்கிற தண்ணியில தோலப் போட்டுட்டாளே" என்றார். சத்தம் கேட்டு மாமனாரும் என் வீட்டுக்காரரும் வந்தார்கள். மாமியார் என் கையில் இருந்த பழைய துண்டைக் காட்டி, "இதுதான் மொதல்ல இருந்துச்சுன்னு சொல்றா. நெசமா?" என்று மாமனாரிடம் கேட்டார்.

மாமனார் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றார். "அது சீமையில இருந்து வந்த கொழா. அதுல எப்படித் தோலு இருக்கும்? இவ கொட்டத்துல கெடந்தத எடுத்துட்டு வந்து காட்டுறா."

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. தோலைத் தொட்டு அடுப்படி முழுக்கத் தீட்டாக்கியவள், தீட்டுக் கழியாமல் வாசல்படி தாண்டக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். தீட்டைக் கொண்டுவந்தவளே கழிக்கவேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க அய்யா கெடந்து கேட்டுக்கிட்டு இருக்காக" என்றேன். அவர் எங்கேயோ பார்த்தபடி, "அம்மா சொல்றதச் செஞ்சுட்டுப் போயிரு. ரெண்டு நாள்ல என்ன ஆகிறப் போகுது" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார் என்பதுதான் அந்த நல்லதனம்.

மண்பானைகளையெல்லாம் கொல்லையில் போட்டு உடைத்தேன். பித்தளையையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டு இன்னொரு தடவை தேய்த்தேன். அடுப்படியைச் சாணி போட்டு மெழுகினேன். மாடித் தொட்டியில் இருந்த நாற்பது குடம் தண்ணீரையும் வாளி வாளியாக மொண்டு வாழைக்கு ஊற்றினேன். தொட்டிக்குள் இறங்கி மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். உள்ளே குனிந்து தேய்த்துவிட்டு நிமிரும்போது தெற்கே மேகமலை தெரிந்தது. அந்த மலை அடிவாரத்தில்தான் எங்கள் ஊர். குழாயை யாரும் தொடவில்லை. அதற்குள் என் தோல் இருந்ததால் பிட்டர் வந்து எடுக்கட்டும் என்று ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். தொட்டி காலியாகவே இருக்கட்டும், கிணற்றிலிருந்து நேராக அடுப்படிக்குக் கொண்டுவந்து அண்டாக்களை நிரப்பு என்றார் மாமியார். பதினெட்டு எட்டு. முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் சந்தை நாளன்றே நான் போயிருப்பேன். அதைச் சொல்லிக் காட்டவும் எனக்குத் தெம்பில்லை.

நடந்தே போயிருக்கலாம். இத்தனை வயதுக்குப் பிறகும் இதுதான் என்னைத் தின்கிறது. பதினைந்து மைல் எனக்கு ஒரு தூரமா? வாசலைத் திறந்துகொண்டு இறங்கியிருந்தால் யார் என்னைக் கட்டிப்போட்டிருப்பார்கள்? திரும்பி வந்தால் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்தேன். சேர்க்காவிட்டால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் விட்டார்கள். கரி போட்டு ஓட்டுகிற பஸ். வீரபாண்டி தாண்டியதும் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்பை ஊதிக்கொண்டு நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புளியும் சாம்பலும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

சித்தப்பா வீட்டுத் தெரு முனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் போயிருக்கிறார். வாயைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாரும் தண்ணி குடுக்கலையா சித்தி?" என்றேன். எனக்குக் கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

"குடுக்காம இருப்போமா ஆத்தா? நான் ஊத்துனேன், ஒஞ் சித்தப்பா ஊத்துனாக. பல்லக் கடிச்சுக்கிட்டாக. மக வந்துக்கிட்டு இருக்கா, அவ தரட்டும்னு சாடை காட்டுனாக. ரெண்டு நாளா நாக்கு வறண்டு கெடந்துச்சு. வெரசா வந்திருக்கக் கூடாதா?"

குழாய் ஒழுகியது, அதனால் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்லுவேன்? பஸ் நின்றுவிட்டது என்றேன். தண்ணீர் கேட்ட வாய்க்கு வாய்க்கரிசி போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தேனிக்கு வந்தேன். நான் வந்த மறுவாரம் பிட்டர் மலையிலிருந்து இறங்கி வந்தார். மாமியார் அந்தக் குழாயைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மாமனாரும் நானும் அடுப்படியில் நின்றோம். பிட்டர் கொல்லை வழியாக உள்ளே வந்து, துணியை விலக்கி, குழாயைக் கழற்றினார். என் தோலை விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு வெட்டுனது?"

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"வட்டம் பிசகாம வெட்டியிருக்காக. எண்ணெய்த் தோலு, பத்து வருசம் ஆனாலும் அசையாது. இதுக்கு மேல நான் என்னத்தப் போட? ரப்பரு இந்த ஊர்ல எங்கன கெடைக்குது?" என்றார். பிறகு, "பழைய வாசர் எங்க?" என்று கேட்டார்.

அது இன்னும் என்னிடம்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "நான் போட்டதுதான். இதுவும் தோலுதான். அன்னைக்கே மொதலாளிட்டச் சொன்னேனே. தோலு வைக்காம கொழா நிக்காது, வீட்ல ஒத்துக்குவாகளான்னு கேட்டேன். உள்ள கெடக்கறது யாருக்குத் தெரியப் போகுது, போட்டு மூடுன்னாக."

மாமனார் பச்சை பெல்ட்டை இழுத்துச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் உள்ளங்கையைக் குனிந்து பார்த்த அன்றைக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமியார் அவரோடு நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. நான் பஸ் ஏறியிருப்பேன்.

"அதையே போட்டு மூடு" என்றார் பிட்டரிடம். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ரப்பரு போட்டாச்சு. மலையில இருந்து கொண்டாந்திருக்கான், நல்ல சீமை ரப்பரு" என்று மாமியாருக்குக் கேட்கும்படி சொன்னார்.

அன்றே தொட்டியை நிரப்பச் சொன்னார்கள். நாற்பது குடம். அன்றைக்கு முழுவதும் அழுதபடி சுமந்தேன். படியில் எதிரே வந்த மாமனார் ஒதுங்கி வழி விட்டார். அதுவரை அவர் எனக்கு வழி விட்டதில்லை. அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்.

பிட்டர் சொன்னது சரி. தோல் அசையவில்லை. யுத்தம் முடிந்தது, மாமனார் போய்ச் சேர்ந்தார், கடைகளில் ரப்பர் வர ஆரம்பித்தது. குழாய்க்குள் என் கமலைத் தோல் அப்படியே இருந்தது. பூஜைச் செம்புக்கும் அந்தத் தண்ணீர்தான். சீமை ரப்பர் போட்டதிலிருந்து தண்ணீர் என்ன சுத்தம் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருஷத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். நான்தான் பார்த்தேன். ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரரும் சொந்தக்காரர்களும் சுற்றி நின்றார்கள். கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரை யாரோ செம்பில் கொண்டுவந்தார்கள். மாமியார் தலையை அசைத்தார்.

"கொழாத் தண்ணி" என்றார். "இவ கையால குடுங்க."

அடுப்படிக்குப் போனேன். கிண்ணத்தை வைத்துக் குழாயைத் திருகினேன். என் அய்யா கேட்டதும் இதையேதான். இவர் ஒரு தடவை கேட்டார், நான் பத்து எட்டில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தோலைத் தொட்ட தண்ணீர் இது என்று இந்த நேரத்தில் காதோடு சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது, அதை மறைக்கமாட்டேன். கிண்ணம் நிறைகிற வரை யோசித்தேன்.

சொல்லவில்லை. இரக்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். சொன்னால் தீட்டு என்பார்கள், தொட்டியை மறுபடியும் நான்தான் கழுவவேண்டும்.

குழாயை மூடினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், அவர் தலையை மடியில் தாங்கி, ஒரு வாய் ஊற்றினேன். குடித்தார்.